நெரிசலுக்கு யார் விதி போடுவது?

(குறுவள மையக் கூட்டத்தில் கணினி, கணித, அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவு முடிந்த கையோடு பேசும் வாய்ப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண் சொக்குகிற நேரம். அதனால் பாடத்திலிருந்து தொடங்காமல் ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். நான் செய்த தவறு.

சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளி மாணவர்கள் இணையவழி உயர்கல்வி வழிகாட்டல் நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்டார்கள். பல பள்ளிகள் இணைந்திருந்தன. பள்ளிக்கு ஒரு கேள்வி என்று ஏற்பாடு. எங்கள் பள்ளி சார்பில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்பதாக முடிவாயிற்று. கடல் ஆராய்ச்சிக்குப் போக என்ன படிக்க வேண்டும் என்பது கேள்வி. இரண்டு நாள்கள் எழுதி, திருத்தி, வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அவள் முறை வந்தது. எழுந்து பேசினாள். "குரல் விட்டுவிட்டுக் கேட்கிறதும்மா, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார்கள். மறுபடி சொன்னாள். மறுபடியும் கேட்கவில்லை. நேரம் ஆகிறது என்று அடுத்த பள்ளிக்குப் போய்விட்டார்கள். அவள் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நெட் ஸ்லோ, என்ன செய்வது" என்று நானும் எல்லோரையும் போலச் சொன்னேன். ஆனால் அன்று காலையில்தான் இணைய வேகத்தைச் சோதித்திருந்தேன். காணொலிக் கூட்டத்துக்குத் தாராளமாகப் போதுமான எண்ணைத்தான் காட்டியது. பிறகு ஏன்? மாலையில் பக்கத்து அறைக்குப் போனபோது காரணம் கண்ணில் பட்டது. ஆண்டு விழாப் புகைப்படங்கள் நானூறுக்கு மேல் மதியத்திலிருந்து மேலேறிக்கொண்டிருந்தன. அந்தப் பதிவேற்றத்தைத் தொடங்கி வைத்தவன் நான்தான். வைத்துவிட்டு மறந்துபோயிருந்தேன்.

மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொல்லி அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். "அப்போ போட்டோ ஏத்தினது நீங்கதானா சார்?" என்றாள். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவளே கேட்டாள்: "மத்தவங்களுக்கு வழி விடணும்னு அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா சார்? உலகம் பூரா எல்லாரும் இப்படி ஒரே நேரத்துல அனுப்பினா என்ன ஆகும்? இதுக்கு யார் ரூல் போடுறாங்க? கேக்கலைன்னா என்ன பண்ணுவாங்க?"

என்னிடம் பதில் இல்லை. "நாளை சொல்கிறேன்" என்றேன். நாளை என்று சொன்னது மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்களில் படித்ததையும் பிறகு வகுப்பிலும் பள்ளியிலும் செய்து பார்த்ததையும்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

நானூறு கஜ தூரத்தில் நின்றுபோன இணையம்

இணையத்தில் எதுவும் முழுதாகப் போவதில்லை. படமோ குரலோ, சிறு சிறு பொதிகளாகப் பிரிந்துதான் போகும். வழியில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் பொதியை வாங்கி அடுத்த ரவுட்டருக்குத் தள்ளும். வருகிற வேகத்துக்கு அனுப்ப முடியாவிட்டால், வரிசையில் நிறுத்தி வைக்கும். வரிசைக்கு இடமில்லாவிட்டால் பொதியைக் கைவிட்டுவிடும். போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது ரவுட்டரின் வேலை அல்ல. இரு முனைகளிலும் இருக்கும் கணினிகளின் வேலை. பெறும் கணினி, கிடைத்தது என்று ஒப்புகை அனுப்பும். குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் அனுப்பிய கணினி அதே பொதியை மறுபடி அனுப்பும். டி.சி.பி. என்னும் நெறிமுறையின் அடிப்படை இவ்வளவுதான்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒப்புகை வராததற்குக் காரணம் பொதி தொலைந்தது அல்ல, வரிசை நீண்டுவிட்டதுதான் என்றால்? பொதி இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். அதற்குள் அதன் நகல் பின்னால் வந்து நிற்கும். வரிசை இன்னும் நீளும். அதனால் இன்னும் பல கணினிகளுக்கு ஒப்புகை தாமதமாகும். அவையும் நகல்களை அனுப்பும். கடைசியில் கம்பி முழுக்கப் பொதிகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் பெரும்பாலானவை ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவற்றின் நகல்களாக இருக்கும். எல்லோரும் மும்முரமாக வேலை செய்வார்கள், ஒரு வேலையும் நடக்காது.

இப்படி நடக்கக்கூடும் என்று 1984 ஜனவரியிலேயே ஒருவர் எழுதி வைத்தார். ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் நேகிள். இதற்கு 'நெரிசல் வீழ்ச்சி' என்று பெயரும் சூட்டினார். 1985 டிசம்பரில் இன்னொரு குறிப்பும் எழுதினார். ரவுட்டருக்கு எல்லையில்லாத நினைவகம் கொடுத்தாலும் நெரிசல் தீராது என்று அதில் காட்டினார். ஏனென்றால் ஒவ்வொரு பொதிக்கும் ஆயுள் உண்டு. வரிசை அளவுக்கு மீறி நீண்டால், பொதி தன் முறை வருவதற்குள் ஆயுள் முடிந்து பயனற்றுப் போகும். இந்த இரண்டாவது குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. 1986 அக்டோபரில் அது உண்மையாயிற்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் 400 கஜம். நம் பள்ளி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்பில் நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது, 40 பிட்டாகச் சரிந்தது. 40 பிட் என்றால் 5 எழுத்து. ஐந்து எழுத்துக்கு ஒரு நொடி. கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்துவிடலாம்.

அந்த ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் கேரல்ஸ் இருவரும் காரணத்தைத் தேடினார்கள். தீர்வும் கண்டார்கள். அதன் சாரத்தை எட்டாம் வகுப்பு மாணவருக்கும் சொல்லிவிடலாம். எடுத்த எடுப்பில் கொட்டாதே. முதலில் ஒரு பொதி அனுப்பு. ஒப்புகை வந்தால் இரண்டு. அவற்றுக்கும் வந்தால் நான்கு. இப்படி ஓர் அளவு வரை இரட்டித்துக்கொண்டே போ. அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டு. பொதி தொலைந்தால், பாதை நெரிசலாக இருக்கிறது என்று பொருள்; உன் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள். ஏறும்போது ஒன்று ஒன்றாக ஏறு, இறங்கும்போது சட்டென்று பாதிக்கு இறங்கு.

கவனித்தீர்களா? இதில் ரவுட்டரை மாற்றவே தேவையில்லை. நடுவில் காவலர் யாரும் இல்லை. அனுப்புகிறவர் தானாகவே அடங்கிப் போகிறார். பாதையில் இடம் இருக்கிறதா என்று எவரும் அவரிடம் சொல்வதில்லை. வராத ஒப்புகையிலிருந்து அவரே புரிந்துகொள்கிறார்.

யார் விதி போடுகிறார்கள்?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். இந்த நல்ல யோசனையை உலகம் முழுவதும் கடைப்பிடிக்க வைத்தது யார்?

இணைய நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பின் பெயர் இணையப் பொறியியல் பணிக்குழு. சுருக்கமாக ஐ.இ.டி.எஃப். இதன் முதல் கூட்டம் 1986 ஜனவரியில் சான் டியேகோ நகரில் நடந்தது. வந்தவர்கள் 21 பேர். இன்று நாம் இங்கே கூடியிருப்பதைவிடக் குறைவு. நெரிசல் வீழ்ச்சி நடந்ததும் அதே ஆண்டில்தான்.

இந்த அமைப்பின் நடைமுறை நமக்கு விநோதமாகத் தோன்றும். உறுப்பினர் சேர்க்கை கிடையாது. விரும்புகிற யாரும் கலந்துகொள்ளலாம். நிறுவனத்தின் பிரதிநிதியாக அல்ல, தனிநபராக. வாக்கெடுப்பு கிடையாது. ஒரு கருத்துக்கு ஆதரவு எப்படி என்று பார்க்க, அறையில் இருப்பவர்களை வாயை மூடிக்கொண்டு முனகச் சொல்வார்கள். வகுப்பில் யார் என்று தெரியாமல் பிள்ளைகள் 'ம்ம்ம்' போடுவார்களே, அதேதான். எந்தப் பக்கம் முனகல் பலமாக இருக்கிறது என்று தலைவர் கேட்டுக்கொள்வார். பலம் எந்தப் பக்கம் என்பதோடு விஷயம் முடிவதில்லை. எதிர்க்கிறவர் சொல்லும் காரணத்துக்குப் பதில் சொல்லியாயிற்றா என்றும் பார்க்க வேண்டும். 1992-இல் டேவிட் கிளார்க் என்ற அறிஞர் இந்த மரபை ஒரு வரியில் தொகுத்தார். மன்னரும் வேண்டாம், தலைவரும் வேண்டாம், வாக்குச்சீட்டும் வேண்டாம். ஏறக்குறைய இசைவும் ஓடுகிற நிரலும் போதும் என்பது அதன் கருத்து.

இங்கு வெளியாகும் ஆவணங்களுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர். விரித்தால், கருத்துக் கேட்கும் கோரிக்கை. முதல் ஆர்.எஃப்.சி. 1969 ஏப்ரலில் வந்தது. எழுதியவர் ஸ்டீவ் குரோக்கர், அப்போது ஒரு பட்டமேற்படிப்பு மாணவர். தான் ஆணையிடுவதாகத் தோன்றக்கூடாது என்றுதான் அப்படி ஒரு பணிவான பெயரை வைத்தார். பெயர் இன்று வரை மாறவில்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

இப்போது முக்கியமான இடம். ஜேக்கப்சன், கேரல்ஸ் தீர்வு ஆர்.எஃப்.சி.யாக எழுதப்பட்டு, நிறைவேறி, பிறகு உலகம் அதைக் கடைப்பிடித்ததா? இல்லை. வரிசை தலைகீழ். முதலில் நிரல் வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யுனிக்ஸ் இயங்குதளத்தில், 'டாஹோ' என்ற 1988-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். பல நிறுவனங்கள் தங்கள் இயங்குதளத்துக்கு அந்த நிரலைத்தான் எடுத்தாண்டன. புதுப் பதிப்பை எடுத்தவர்களுக்கு நெரிசல் தீர்வும் சேர்ந்தே வந்தது. அதே ஆண்டு ஆய்வுக் கட்டுரை வந்தது. 1989 அக்டோபரில்தான் ஆர்.எஃப்.சி. 1122, ஒவ்வொரு டி.சி.பி. கணினியும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று எழுதியது.

இது அந்தக் காலத்து விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். கியூபிக் என்ற வேறொரு நெரிசல் கட்டுப்பாட்டு முறையை 2006-இலேயே லினக்ஸ் இயல்பு அமைப்பாக ஏற்றுக்கொண்டது. அதைப் பற்றிய முதல் ஆர்.எஃப்.சி. 2018-இல் வந்தது, அதுவும் தகவலுக்காக மட்டும். தரநிலைப் பாதையில் ஆர்.எஃப்.சி. 9438-ஆக வந்தது 2023-இல். பதினேழு ஆண்டுகள் உலகத்தின் பெரும்பகுதி சர்வர்களில் ஓடிய பிறகு விதி எழுதப்பட்டது.

'கேக்கலைன்னா என்ன பண்ணுவாங்க?' என்றாளே, அதற்குப் பதில்: ஒன்றும் பண்ண மாட்டார்கள். ஐ.இ.டி.எஃப்.பிடம் அபராதம் இல்லை, ஆய்வு அலுவலர் இல்லை. ஒரு விதி நிற்பது, இயங்குதளம் எழுதுகிறவர் அதை இயல்பு அமைப்பாக வைப்பதால். நீங்களும் நானும் ஒரு நாளும் நெரிசல் கட்டுப்பாட்டை 'ஆன்' செய்ததில்லை. ஆனால் நம் கைப்பேசி ஒவ்வொரு நொடியும் அதைச் செய்துகொண்டிருக்கிறது.

நல்ல தீர்வு ஏன் காத்திருந்தது?

இவ்வளவு அழகாக நடக்கும் என்றால் எல்லாத் தீர்வும் ஓராண்டில் பரவியிருக்க வேண்டும். பரவவில்லை. அந்தக் கதையையும் சொன்னால்தான் நேர்மை.

பொதியைத் தொலைத்துத்தான் நெரிசலைத் தெரிவிக்க வேண்டுமா? வரிசை நீளத் தொடங்கும்போதே ரவுட்டர் பொதியின் மேல் ஒரு குறி வைத்து அனுப்பினால், பெறுகிறவர் அதைப் பார்த்து அனுப்புகிறவரிடம் 'கொஞ்சம் குறையுங்கள்' என்று சொல்லிவிடலாமே. பொதியும் வீணாகாது. இதற்கு வெளிப்படை நெரிசல் அறிவிப்பு என்று பெயர், சுருக்கம் ஈ.சி.என். இதற்காகப் பெரிதும் உழைத்தவர் சாலி ஃபிளாய்டு என்ற பெண் அறிஞர். 1999-இல் சோதனை முறையாக ஆர்.எஃப்.சி. வந்தது, 2001 செப்டம்பரில் தரநிலையாகவே வந்தது. எண் 3168.

விதி வந்தது, பயன்பாடு வரவில்லை. காரணம் என்ன? இந்தக் குறிக்காக, அதுவரை யாரும் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்திருந்த பிட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். இணையத்தில் ஆங்காங்கே இருந்த சில தீச்சுவர்கள், 'இந்த பிட் பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்? இது ஏதோ தாக்குதல்' என்று இணைப்பையே துண்டித்துவிட்டன. ஆக, புதிய நல்ல விதியைக் கடைப்பிடித்த கணினிக்குச் சில தளங்கள் திறக்கவே இல்லை. கடைப்பிடிக்காத பழைய கணினிக்கு எல்லாம் திறந்தது. பயனர் யாரைக் குறை சொல்வார்? தன் கணினியைத்தான். இயங்குதளக்காரர்கள் இந்த வசதியை அணைத்தே வைத்தார்கள். இப்படித் துண்டிப்பது தவறு என்று 2002-இல் ஃபிளாய்டு தனி ஆர்.எஃப்.சி.யே எழுதினார். ஆனால் ஏற்கெனவே விற்று, மாட்டி, மறந்துபோன தீச்சுவர்ப் பெட்டிகள் ஆர்.எஃப்.சி. படிப்பதில்லை அல்லவா? 2015-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசி, கணினி இயங்குதளங்களில் இதைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்தபோது, தரநிலை வெளியாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதை வகுப்பில் சொல்லும்போது கரும்பலகையில் ஓர் அட்டவணை போட்டேன். முதல் தீர்வுக்கு எத்தனை பேர் மாற வேண்டும்? அனுப்புகிறவர் ஒருவர் மட்டும். இரண்டாவதற்கு? அனுப்புகிறவர், பெறுகிறவர், நடுவில் ரவுட்டர் மூவரும் மாற வேண்டும். தீச்சுவரும் தடுக்காமல் இருக்க வேண்டும். எத்தனை கைகள் சேர வேண்டுமோ, அத்தனை தாமதம். முதலில் மாறுகிறவருக்கு நன்மையா நட்டமா என்பது அடுத்த கேள்வி. முதல் தீர்வில் மாறியவருக்கே பயன் கிடைத்தது. இரண்டாவதில் முதலில் மாறியவர்தான் அடிபட்டார்.

நீளமான வரிசையின் கேடு

இனி என் புகைப்படங்களுக்கு வருகிறேன். ஜேக்கப்சன் தீர்வுதான் எல்லாக் கணினியிலும் இருக்கிறதே, பிறகு ஏன் மாணவியின் குரல் அறுந்தது?

அந்தத் தீர்வு பொதி தொலைவதைத்தான் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. நினைவகச் சில்லு மலிவாகிப்போன காலத்தில், மோடத்திலும் ரவுட்டரிலும் வரிசைக்கான இடத்தை ஏராளமாக வைத்துவிட்டார்கள். பொதி தொலையாமல் இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம். ஆனால் பொதி தொலையாவிட்டால் அனுப்பும் கணினிக்கு நெரிசல் என்றே தெரியாது. அது கூட்டிக்கொண்டே போகும், வரிசை நிரம்பும் வரை.

கணக்கைப் பாருங்கள். பதிவேற்ற வேகம் நொடிக்கு 20 லட்சம் பிட் என்று வைத்துக்கொள்வோம். மோடத்தின் வரிசையில் 2,50,000 பைட் நிற்கலாம். அது 20 லட்சம் பிட். ஆக, வரிசையின் கடைசியில் வந்து சேரும் பொதி ஒரு முழு நொடி காத்திருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பொதி, மாணவி பேசிய சொல்லாக இருந்தால்? முன்னால் என் புகைப்படங்கள் நிற்கின்றன. பேச்சுக்கு ஒரு நொடித் தாமதம் என்பது உரையாடலையே கெடுத்துவிடும். ரேஷன் கடையில் ஒரே வீட்டார் நூறு பைகளை வரிசையில் வைத்துவிட்டுப் போனால், ஒரு லிட்டர் எண்ணெய்க்கு வந்தவர் என்ன ஆவார்? அதே கதைதான்.

2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டில் இதே போன்ற அனுபவத்தை எதிர்கொண்டார். இணையப் பக்கங்கள் பயன்படுத்தும் எச்.டி.டி.பி. 1.1 விதியைத் தொகுத்தவர்களில் ஒருவர் அவர். வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போதெல்லாம் மற்ற எல்லாம் நின்றுபோவதைக் கண்டு, ஒவ்வொரு கருவியாக அளந்து பார்த்தார். வீங்கிப்போன வரிசைதான் காரணம் என்று கண்டு, 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தார். வரிசை வீக்கம் என்று சொல்லலாம். எல்லையற்ற நினைவகம் நெரிசலைத் தீர்க்காது என்று நேகிள் 1985-இல் எழுதியதை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அது வீட்டுக்கு வீடு வந்து நின்றது.

தீர்வு தந்தவர்களில் மறுபடியும் ஜேக்கப்சன் இருக்கிறார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸ் என்பவரும் அவரும் 'கோடெல்' என்ற முறையை வெளியிட்டார்கள். இதற்கு முன்பும் ரவுட்டர் வரிசையை நிர்வகிக்கும் முறைகள் இருந்தன. 1993-இல் ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் ஒன்று கொடுத்திருந்தார்கள். வரிசை நிர்வாகம் தேவை என்று 1998-இல் ஆர்.எஃப்.சி.யும் பரிந்துரைத்தது. ஆனால் அதற்கு இடத்துக்கு ஏற்ற எண்களைப் பொருத்த வேண்டும். தவறாகப் பொருத்தினால் இருப்பதும் கெடும். எனவே பலர் அதைத் தொடவே இல்லை. கோடெல் வேறு கேள்வி கேட்டது. வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணாதே. ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பார். 100 மில்லி நொடிக்கு மேலாகக் காத்திருப்பு 5 மில்லி நொடிக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால், அது நிரந்தர வரிசை; ஒன்றிரண்டு பொதிகளைக் கைவிடு, அனுப்புகிறவர் புரிந்துகொள்வார். சாதாரணப் பயன்பாட்டில் யாரும் எந்த எண்ணையும் பொருத்த வேண்டியதில்லை.

இதோடு, ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை கொடுக்கும் முறையையும் சேர்த்துச் செய்தது 'எஃப்.கியூ. கோடெல்'. நூறு பைக்காரருக்கு ஒரு வரிசை, எண்ணெய்க்காரருக்கு ஒரு வரிசை. கட்டுரை வந்தது 2012 மே மாதம். ஜூலையில் வெளியான லினக்ஸில் நிரல் இருந்தது. ஆர்.எஃப்.சி. வந்தது 2018 ஜனவரியில். மறுபடியும் நிரல் முதலில், விதி பிறகு.

அப்படியானால் எல்லா இடத்திலும் பரவிவிட்டதா? இல்லை. நெரிசல் நடக்கும் இடத்தில் இருக்கும் பெட்டி எதுவோ, அதில் இது இருக்க வேண்டும். பழைய மோடம் பழையபடிதான் இருக்கும். புது மோடம் வாங்கும்போதும் அட்டைப்பெட்டியின் மேல் வேகத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். சுமை ஏறும்போது தாமதம் எவ்வளவு என்று போடுவதில்லை. நாமும் கேட்பதில்லை.

வகுப்பில் செய்து பார்த்தோம்

இதைச் சொல்லிக் கொடுத்ததைவிட விளையாடிப் பார்த்ததில்தான் மாணவர்களுக்குப் புரிந்தது. செலவு, பழைய தாள்கள் மட்டும்.

ஐந்து பேர் அனுப்புகிறவர்கள். ஒருவர் வாசலில் நிற்பார்; அவர்தான் ரவுட்டர். நான் ஒரு கை தட்டினால் அவர் ஒரு சீட்டை மட்டும் வெளியே கொடுப்பார். வெளியே நிற்பவர் சீட்டின் எண்ணைப் பார்த்து ஒப்புகைச் சீட்டைத் திருப்பி அனுப்புவார். முதல் சுற்றில் விதி: நான்கு கைதட்டலுக்குள் ஒப்புகை வராவிட்டால் அதே எண்ணை மறுபடி எழுதிக் கொடுங்கள். 60 கைதட்டல். வெளியே போன 60 சீட்டுகளை எண்ணிப் பார்த்தோம். புதியவை 23 மட்டுமே. மற்றவை எல்லாம் நகல். வாசலில் நின்றவரின் மேசை நிரம்பி வழிந்தது. அதுதான் 1986 அக்டோபர்.

இரண்டாம் சுற்றில் ஜேக்கப்சன் விதி. ஒன்றில் தொடங்கு, வந்தால் கூட்டு, மேசையிலிருந்து சீட்டு கீழே விழுந்தால் பாதியாக்கு. அதே 60 கைதட்டலில் 51 புதிய சீட்டுகள். சில கைதட்டலுக்கு மேசை காலியாகவே இருந்தது. இருந்தும் இரு மடங்குக்கு மேல் வேலை நடந்தது.

மூன்றாம் சுற்றில் ஒரு மாணவன் காதில் மட்டும் "நீ விதியைக் கேட்காதே" என்றேன். அவனுக்கு மட்டும் சீட்டுகள் மளமளவென்று போயின. மற்ற நால்வரும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஐந்து நிமிடத்தில் சண்டை வந்துவிட்டது. "சார், இவன் ஏமாத்துறான்!" உடனே அந்த மாணவி சொன்னாள்: "வாசல்ல நிக்கிறவங்க ஆளுக்கு ஒண்ணா எடுத்தா சரியாப் போயிடும் சார்." தனித்தனி வரிசை என்ற யோசனைக்கு அவளே வந்து சேர்ந்துவிட்டாள். அதன் பெயரை மட்டும் நான் சொன்னேன்.

கணித ஆசிரியர்கள் இதை வரைபடமாக்கலாம். கூட்டித் தொடரும் பெருக்குத் தொடரும் ஒரே இடத்தில் கிடைக்கும். சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குப் பொதுச்சொத்தைப் பங்கிடும் பாடம்.

நம் பள்ளிகளில் என்ன செய்யலாம்?

தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, எங்கள் பழைய மாணவர் ஒருவரின் உதவியோடு, பயன்படாமல் கிடந்த ஒரு ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருளை ஏற்றினோம். அதை மோடத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில் வைத்தோம். இணைப்பின் வேகத்தில் 90 விழுக்காட்டை வரம்பாக வைத்தோம். அப்படி வைத்தால்தான் வரிசை மோடத்தில் உருவாகாமல் நம் ரவுட்டரில் உருவாகும், அங்கே எஃப்.கியூ. கோடெல் பார்த்துக்கொள்ளும். பிங் கட்டளை கொடுத்து அளந்தோம். இணைப்பு சும்மா இருக்கும்போது 35 மில்லி நொடி. புகைப்படம் ஏற்றும்போது முன்பு 1,400. மாற்றிய பிறகு 48. வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தோம். விட்டுக்கொடுத்ததால்தான் பேச முடிந்தது.

எல்லாப் பள்ளியிலும் இதைச் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மூன்று காரியங்களை எல்லோரும் செய்யலாம்.

ஒன்று, இணையத்தைச் சோதிக்கும்போது காலி ஆய்வகத்தில் சோதிக்காதீர்கள். ஒரு கணினியில் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே இன்னொன்றில் பிங் கொடுத்துப் பாருங்கள். நான் காலையில் எடுத்த அளவு பொய் அல்ல. கூட்டமில்லாத நேரத்தின் அளவு, அவ்வளவுதான்.

இரண்டு, இணைய வசதி பற்றிப் படிவம் வரும்போது வேகத்தை மட்டும் எழுதாமல், சுமையில் தாமதம் எவ்வளவு என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். படிவத்தில் அந்தக் கட்டம் இருக்காது. பலர் எழுதினால் ஒரு நாள் கட்டம் வரும். ஐ.இ.டி.எஃப். கதை நமக்குச் சொல்வது அதுதானே? ஓடுகிற ஒன்றைக் காட்டினால் விதி பின்னால் வரும்.

மூன்று, நேரலை நிகழ்ச்சி நடக்கும்போது பதிவேற்றங்களையும் மென்பொருள் புதுப்பிப்புகளையும் நிறுத்தி வையுங்கள். இது தொழில்நுட்பமே இல்லை. என் போன்றவர்களுக்கான எச்சரிக்கை.

கடைசியாக ஒன்று. அடுத்த வழிகாட்டல் நிகழ்ச்சி வந்தபோது அந்த மாணவி கேள்வி கேட்க முன்வரவில்லை. "வேற யாராவது கேக்கட்டும் சார்" என்றாள். இன்னொரு மாணவி கேட்டாள், தெளிவாகக் கேட்டது, பதிலும் வந்தது. ஆனால் நிகழ்ச்சி முழுக்க இவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் தெரியுமா? பக்கத்து அறையில், அலுவலகக் கணினிக்கு முன்னால். "யாரும் போட்டோ ஏத்தாம பாத்துக்கிறேன் சார்" என்று காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். ரவுட்டர் பார்த்துக்கொள்ளும், நீ வா என்று கூப்பிட்டேன். வரவில்லை.

அவளுடைய கடல் ஆராய்ச்சிக் கேள்விக்கான பதிலை நான் வேறு வழியில் விசாரித்து எழுதிக் கொடுத்தேன். நேரில் கேட்டுப் பெற்றிருக்க வேண்டிய பதில் அது. அடுத்த முறை உங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை ஒலிவாங்கியைப் பிடித்து நிற்கும்போது, 'நெட் ஸ்லோ' என்று சொல்வதற்கு முன்னால் பக்கத்து அறையை ஒரு முறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.